வாசிக்காமல் இருக்க இருபது அட்டை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வணக்கத்தோடு எழுதுவது.

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, தலைமையாசிரியை அறை வாசலில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தது உண்மைதான். குற்றம் உன் மருமகள் செய்ததல்ல, நான் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி. இங்கே மூவரும் சுகம். அங்கே உனக்கும் அத்தானுக்கும், அவருடைய முழங்காலுக்கும் சுகம்தானே? என் வீட்டுக்காரி போனில் சொன்ன பாதிக் கதையை நம்பி நீ என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்தும்விட்டாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

உன் மருமகள் படிக்கிற ஐந்தாம் வகுப்பில் இந்த வருடம் ஒரு புது ஏற்பாடு. பிள்ளைகளை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, ஆனால் அவர்கள் அடங்கியும் இருக்க வேண்டும் என்பதற்காக டீச்சர் ஒரு ஆப் கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கணக்கு. பலகை துடைத்தால் ஐந்து காசு, ஜன்னல் சாத்தினால் மூன்று, நேரத்துக்கு வந்தால் இரண்டு. பக்கத்தில் இருப்பவனோடு பேசினால் மூன்று காசு பிடித்தம். உட்காருகிற மேசைக்கு வாரம் பத்துக் காசு வாடகை. காசு என்றால் கையில் தொடுகிற காசு இல்லை, எல்லாம் சுவர்த் திரையில் ஓடுகிற எண்கள். வெள்ளிக்கிழமை வகுப்பிலேயே கடை போடுவார்கள். சேர்த்த காசுக்கு ஜன்னலோர இடம் வாங்கலாம், டீச்சர் நாற்காலியில் பத்து நிமிடம் உட்காரலாம், அழிரப்பர் வாங்கலாம். வரவும் செலவும் அந்த நிமிடமே பெற்றவர்கள் போனில் 'டிங்' என்று வந்து விழும்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை ஒரு பள்ளிக்கூடம் இப்போதாவது நடத்துகிறதே என்று நினைத்தேன். அந்த வேகத்தில் என் கடையிலும் ஆரம்பித்தேன். நேரத்துக்கு வந்தால் புள்ளி, வாளியும் முக்காலியும் உடையாமல் இறக்கினால் புள்ளி. லாரியில் சரக்கு இறக்குகிற மீசைக்காரர் நாலே நாளில் நிறையச் சேர்த்து, 'ஒரு மணி நேரம் முதலாளி திட்டக் கூடாது' என்கிற சலுகையை வாங்கினார். வாங்கிய கையோடு மூன்று அடுக்கு வாளியைக் கீழே போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு முதலாளி" என்றார். அன்றோடு கடையில் திட்டம் மூடப்பட்டது.

கடையை விடு. உன் மருமகள் கணக்கைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. வாரம் முழுக்க டிங், டிங் என்று சம்பாதிக்கிறாள். வகுப்பிலேயே அதிகம் துடைப்பவளும் அவள்தான், அதிகம் அடுக்குபவளும் அவள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கணக்கில் ஒன்றும் இராது. வாரம் தவறாமல் முப்பது காசு ஒரே சாமானுக்குப் போகிறது: வாசிப்பு விலக்கு அட்டை. புதன்கிழமை வாசிப்பு வகுப்பில் டீச்சர் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். டீச்சர் கையெழுத்துப் போட்ட இந்த மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினால் வாசிக்காமல் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரு தடவைதான் செல்லும்.

"ஏண்டி குட்டி, ஒரு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷத்துக்கு முப்பது காசா? இது என்ன வியாபாரம்?"

"எனக்கு அது வேணும்பா."

"வேணும்னா மட்டும் போதுமா? கட்டுப்படியாக வேண்டாமா?"

அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்.

இந்த நேரம் பார்த்து டீச்சரிடமிருந்து ஒரு சேதி. வகுப்புக் கடைக்கு யாராவது சாமான் கொடுத்தால், ஒரு சாமானுக்குப் பதினைந்து காசு வீதம் அவர்கள் பிள்ளை கணக்கில் ஏறும். என் கிடங்கில் தவளை முகம் போட்ட பென்சில் பெட்டி முப்பது, இரண்டு வருடமாக என்னையே முறைத்துக்கொண்டு கிடந்தன. திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. தூசி தட்டி அனுப்பிவிட்டேன். நானூற்று ஐம்பது காசு! டிங் இல்லை அக்கா, மணி அடித்த மாதிரி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே மாதக் கடைசி என்று கடையில் எல்லாம் பாதி விலை. வாசிப்பு அட்டை பதினைந்து காசு, இருப்பு முப்பது அட்டை. நீயே பெருக்கிப் பார். தவளைப் பெட்டிக் காசும் சரக்கின் விலையும் ஒரு காசு கூடக் குறைய இல்லாமல் பொருந்துகிறது. முப்பது வருடத்தில் எனக்கே இப்படி ஒரு நாள் அமைந்ததில்லை. காலையில் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"மொத்தத்தையும் அள்ளிடு. ஒண்ணு விடாதே. அப்புறம் வேணுங்கிறவன் உன்கிட்டதான் வந்தாகணும். நாப்பதுக்குக் கொடு."

"நாப்பது காசு யார்கிட்டயும் இருக்காதுப்பா."

"அப்போ வேற ஏதாவது வாங்கிக்கோ. சும்மா மட்டும் கொடுத்துடாதே."

சாயங்காலம் பார்த்தால் இருபதுதான் வாங்கியிருக்கிறாள். மிச்சம் பத்தை ஏன் விட்டாய் என்றால், "இருபது போதும்பா" என்கிறாள். கடைத்தெருவில் பத்து சரக்கை வெளியே விட்டுவிட்டு விலையை நாம் சொல்ல முடியுமா? நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை, "எத்தனை போச்சு?" என்று கேட்டேன். "எல்லாம் போச்சு." "கணக்குல ஒண்ணும் ஏறலையே?" "அது கணக்குல ஏறாதுப்பா." அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. இருபதையும் இனாமாக வாரிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

புதன்கிழமை வாசிப்பு வகுப்பு. காசுத் திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, தலைமையாசிரியை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். டீச்சர் முதல் பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பையன் எழுந்து மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு உட்காருகிறான். அடுத்தவள் அட்டை. அதற்கடுத்தவன் அட்டை. முப்பது பேர் வகுப்பில் இருபது பேர் இப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தாராம். அட்டை எல்லாம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் உன் மருமகள். உன் மருமகளை விசாரித்தால், "அப்பா மொத்தமா வாங்கச் சொன்னாங்க." மறுநாள் காலை நான் அந்தக் குட்டி நாற்காலியில்.

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்றார் தலைமையாசிரியை.

"பிளாஸ்டிக் சாமான். மொத்தமாவும் சில்லறையாவும்."

"தெரியுது" என்றார்.

அவருக்கு அந்தத் திட்டத்தையே அன்றே இழுத்து மூட ஆசை. டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயசு, கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை, விரலெல்லாம் மார்க்கர் மை. அவர்தான் சொன்னார். பள்ளி திறந்த மாதம் உன் மருமகள் வாசித்தபோது ஒரு வரி தாவிப்போய்விட்டதாம். 'ராஜா குதிரையை விட்டு இறங்கி' என்பது மேல் வரி. 'அரண்மனைக்குப் போனார். குதிரை லாயத்துக்குப் போய்' நடு வரி, 'வயிறு நிறையப் புல் தின்றது' கீழ் வரி. நடு வரி போனதால் ராஜா இறங்கி, வயிறு நிறையப் புல் தின்றுவிட்டார். வகுப்பே சிரித்ததாம். எனக்கும் சிரிப்பு வந்தது அக்கா, உன்னிடம் மறைப்பானேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு உட்கார்ந்தவ, பெல் அடிக்கிற வரைக்கும் தலையைத் தூக்கலை சார். அவளுக்காகத்தான் அந்த அட்டையையே நான் கடையில வச்சேன்."

என் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கடைக்கு ஒரு ஆள் வாரம் தவறாமல் வந்து, கையிலிருக்கிற காசையெல்லாம் கொட்டி, ஒரே சாமானை வாங்கிப் போனால் இரண்டாவது வாரமே 'எதுக்கு அண்ணே இவ்வளவு?' என்று கேட்டிருப்பேன். என் வீட்டிலேயே ஒருத்தி நாலு மாதம் வாங்கியிருக்கிறாள். நான் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "நேத்து அவகிட்ட அட்டை இல்லை சார். கூப்பிட்டேன், எழுந்துட்டா. விரல் வச்சு நாலு வரி வாசிச்சா. ரெண்டு இடத்துல நின்னா. வகுப்புல மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிள்ளைங்களுக்கு உடம்புக்கு ஏதாவதோன்னு பயந்துட்டேன்." எனக்கு அதில் முதல் வரி மட்டும்தான் காதில் ஏறியது. அவளிடம் அட்டை இல்லை! கணக்கில் நூற்றைம்பது காசு இருக்கிறது, கையில் இருபது அட்டை இருந்தது, தனக்கென்று ஒன்று எடுத்து வைக்கத் தெரியவில்லை.

சரி, கெடுத்தவன்தானே சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்து பேசினேன். திட்டத்தை மூடாதீர்கள், தப்பு என்னுடையது என்றேன். ஒரு மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டேன். புதன்கிழமை காட்டியதை டீச்சர் செலவாகக் கணக்கில் எடுக்கவில்லையாம், அட்டையெல்லாம் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது. அந்த இருபதும் இனிச் செல்லாது. திங்கட்கிழமை பிள்ளைகளிடமிருந்து வாங்கிக் கிழித்துவிட வேண்டியது. உன் மருமகளுக்கு முந்நூறு காசு திரும்பி வரும். அடுத்த புதன்கிழமையிலிருந்து எல்லோரும் வாசிக்க வேண்டும், அட்டை என்கிற பேச்சே இல்லை. தவளைப் பெட்டிகளையும் திருப்பித் தந்துவிட்டார்கள், யாரும் வாங்கவில்லையாம். வெளியே வரும்போது தலைமையாசிரியை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார் என்றால் பார்த்துக்கொள். குட்டியைக் கண் டாக்டரிடம் காட்டியாயிற்று, கண்ணில் கோளாறு இல்லை. இனி நானே தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

ஆகவே விஷயம் சுபமாக முடிந்தது, நீ ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதே. ஒரே ஒரு வருத்தம்தான். அவளுக்கு வியாபாரம் வராது. உன்னைப் போலவே இளகின மனசு, கேட்டவனுக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுக்கிற கை. படிக்கவைத்து ஏதாவது உத்தியோகத்துக்கு அனுப்பிவிடுவோம். அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் என்னைத் திட்டுகிற தெம்போடு நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எத்தனை வாங்கினாலும் பாசம் குறையாத
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே சுபமாக முடிந்தது என்று எழுதியதை அடித்துவிட்டுப் படி. உறை ஒட்டப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் உன் மருமகள் இந்தக் கடிதத்தை எடுத்து, விரல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். நான் வந்தபோது கண்ணெல்லாம் தண்ணி.

"எனக்கு வியாபாரம் வராதுன்னு அத்தைக்கு எழுதியிருக்கீங்க."

"சும்மாதானேடி கொடுத்த?"

"சும்மா இல்லை. வித்தேன். வேற ஏதாவது வாங்கிக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"என்ன வாங்கின?"

"அன்னைக்கு ராஜா புல்லு தின்னப்போ சிரிச்சது இருபது பேரு. எண்ணி வச்சிருந்தேன். அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியாப் போய்ப் பேசினேன். அட்டை வேணும்னா வருஷம் முடியற வரைக்கும் யார் வாசிச்சாலும் சிரிக்கக் கூடாது. சரின்னாங்க. கொடுத்தேன்."

"உனக்குன்னு ஒண்ணு வச்சுக்கலாம்ல?"

"எனக்கு எதுக்குப்பா? அதான் யாரும் சிரிக்க மாட்டாங்களே."

அவளே கேட்டாள்: "திங்கக்கிழமை அட்டையை வாங்கிக் கிழிச்சுட்டா, அவங்களும் சொன்னதை மாத்திக்கலாம்ல?"

மாற்றிக்கொள்ளலாம் அக்கா. சரக்கைத் திருப்பிக் கேட்டால் விலையைத் திருப்பித்தான் தர வேண்டும். இருபது பேரோடு அவள் தனியாளாகப் பேசி முடித்த வியாபாரத்தை நான் போய், சமாதானம் என்று சொல்லி, முறித்துவிட்டு வந்திருக்கிறேன். உடனே டீச்சருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். "இருங்க சார், மேடத்துக்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்தார். அரை மணி கழித்துக் கூப்பிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன், ஒன்றையும் குறைத்துக் கேட்கவில்லை. முடிவானது இதுதான்: இருபது அட்டையும் அந்தந்தப் பிள்ளை கையிலேயே இருக்கும். முந்நூறு காசு திரும்பி வராது. நான் அந்த வகுப்புக்கு இனிமேல் சாமானும் அனுப்பக் கூடாது, யோசனையும் அனுப்பக் கூடாது. அட்டை ஒரு தடவைதான் செல்லும். சிரிக்காமல் இருப்பது வருஷம் முடியும்வரை செல்லும்.