நார்வேக்காரர் கேட்ட நெய்

ஊர் சுற்றுகிறவனைத் திட்டுவார்கள். ஊரைச் சுற்றிக் காட்டுகிறவனுக்கு மரியாதை கொடுப்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் கழுத்தில் தொங்கும் ஓர் அட்டைதான் வித்தியாசம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அட்டை கிடைத்து ஒரே ஒரு பகல்பொழுது அதை மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்த நம்பிக்கை போனது.

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவன் நான். ஆனால் படகில் ஏறினால் வாந்தி. (எங்க குப்பத்துல இப்படி ஒரு பொறப்பு நான் ஒருத்தன்தான்.) படிப்பும் எட்டாவதோடு நின்றுவிட்டதால் தரையிலேயே அலைந்தேன். நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டைக்குக் காவல், லாரியில் கிளீனர், கோவாவில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. படுக்க இடமில்லாத நாட்களில் லாரிக்கு அடியில் படுத்தேன். லாரி கிளம்பிவிட்டால் வேறு லாரி தேடினேன். அதில் சொல்லிப் புலம்ப ஒன்றும் இல்லை. கடைசித் தடவை கோவாவுக்குக் கிளம்பும்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அதுதான் தவறிப்போனது.

திரும்பி வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. என் மனைவி கோமதி, காட்டூரில் அவள் நைனா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கூப்பிடப் போனேன். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"நெலையா ஒரு வேலைய தேடு. அப்பால வந்து கூப்டு, வரேன்," என்றாள்.

"இவனுக்கு நெலையா தெரிஞ்ச வேலை துன்றது ஒண்ணுதான்," என்றார் மாமனார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு சுற்றுலா ஆபீசிலிருந்து ஆள் தேடி வந்தார்கள். நார்வே நாட்டிலிருந்து ஆறு பேர் பழவேற்காட்டுக்கு வருகிறார்கள், டவுன் வாழ்க்கை, பண்ணை வாழ்க்கை இரண்டையும் காட்ட வேண்டும், இங்கிலீஷ் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும். நன்றாகச் செய்தால் சீசன் முழுக்க வேலை உண்டு. கோவாவின் சமையல்கட்டில் கற்ற இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. அட்டையை மாட்டிவிட்டார்கள். நார்வே எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அட்டையைக் கழற்றிவிடுவார்களோ என்ற பயம்.

பழவேற்காட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வருவது ஒல்லாந்தர் கல்லறையைப் பார்க்க. சொந்தம் இல்லாமல் அடுத்தவன் கல்லறையை யாராவது காசு செலவழித்து வந்து பார்ப்பார்களா? ஆகவே வருகிறவர்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகள். (எனக்கு மட்டும் இல்ல, எங்க குப்பத்துக்கே அதுதான் கணக்கு.) காலையிலேயே ஆறு மாலையும் ஊதுபத்தியும் வாங்கி வைத்தேன்.

வேனில் வந்து இறங்கியவர்களைக் கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு மாலையைக் கொடுத்தேன். "உங்க தாத்தாங்க எல்லாம் உள்ளதான் இருக்காங்க. அழறதா இருந்தா அழுதுக்கலாம், அவசரம் இல்ல," என்று என் இங்கிலீஷில் சொன்னேன்.

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இங்கிரிட் என்ற அம்மாதான் வாய் திறந்தார். இங்கே இருப்பவர்கள் ஹாலந்துக்காரர்கள், நாங்கள் நார்வே, நடுவில் கடலே இருக்கிறது என்றார்.

"எங்களுக்கும் தோணிரேவுக்கும் நடுவுல ஏரி கீது. அங்க யாராவது செத்தா நாங்க மாலை எடுத்துனு போகமாட்டமா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கல்லுக்கு மாலையைப் போட்டார். அவர் வீட்டுக்காரர் ஓலாவ், பனைமரம் மாதிரி உயரமான கிழவர், விவசாயி. இங்கிலீஷ் தெரியாது. அவர் எல்லாக் கல்லையும் சுற்றிப் பார்த்து, யாரும் கவனிக்காத உடைந்த கல் ஒன்றைத் தேடிப் பிடித்து அதற்குப் போட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பண்ணை. ஆபீசில் ஒரு பெரிய பண்ணையாகப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த பண்ணை என் மாமனாருடையதுதான்: கொஞ்சம் நெல், ஓர் எருமை. ஆனால் அங்கே கோமதி இருந்தாள். என் கழுத்தில் அட்டை இருப்பதை அவள் பார்க்க வேண்டும். "ஆபீஸ் ஆளுங்க ஆறு பேர் சாப்பிட வர்றாங்க அத்தே," என்று மட்டும் மாமியாருக்குப் போன் செய்திருந்தேன்.

வேனிலிருந்து ஆறு வெள்ளைக்காரர்கள் இறங்கியதும் மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னா மாப்ளே, ஆபீசுன்னா பொன்னேரி ஆபீசுன்னு நெனச்சேன்," என்றார். மாப்பிள்ளை என்று அவர் என்னைக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. கோமதி கதவோரம் நின்று அட்டையைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, அது நன்றாகத் தெரியும்படி நின்றேன்.

வரிசையாக இலை போட்டார்கள். சாப்பிடும்போது இங்கிரிட் தன் செல்போனில் அவர்கள் ஊர்ப் படங்களைக் காட்டினார். அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதியை நானே போட்டு நிரப்பினேன்.

துறைமுகத்து ஓரமாக வரிசையாக மரவீடுகள். "இது அவுங்க டவுனு. செங்கல் வாங்க வழி இல்லாம பலகையில கட்டிக்கினு கீறாங்க."

"த்சொ," என்றார் மாமியார்.

அடுத்த படம் பண்ணை. கூரை மேல் பச்சைப் புல். அந்த ஊரில் வேண்டுமென்றே அப்படி வளர்ப்பார்களாம், பிறகு தெரிந்துகொண்டேன். "கூரை மாத்தி எத்தினி வருசம் ஆச்சோ, புல்லு மொளச்சிப்போச்சு அத்தே."

"மேல ஆடு நிக்குதே?" என்றார் மாமனார்.

"கட்ட எடம் இல்ல மாமா."

பனி கொட்டும் மாதங்களில் மாடுகள் கொட்டகையை விட்டு வெளியே வராது என்று இங்கிரிட் சொன்னதை மட்டும் சரியாகச் சொன்னேன். அதுதான் மாமியாரை உடைத்துவிட்டது. "ஐயோ, இம்மாந் தூரம் வந்து நம்ம ஊட்டு சோத்த துன்னுதுங்களே, இன்னா கஷ்டமோ," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் எழுந்து கை கழுவிவிட்டு, மாமனாரோடு கொல்லைப்பக்கம் எருமையைப் பார்க்கப் போனார்கள். ஓலாவ் மட்டும் உட்கார்ந்திருந்தார். இலையில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காத மனிதர். மாமியார் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஜாடியை இறக்கினார். மச்சான் கல்யாணத்துக்கென்று அந்த ஓர் எருமையின் பாலிலிருந்து சேர்த்துவந்த நெய். சோற்றை வைத்து, ஒரு கரண்டி ஊற்றினார்.

ஓலாவ் புன்னகையோடு தலை நிமிர்ந்து சொன்னார்: "நெய் தாக்."

மாமியார் கை அப்படியே நின்றது. "இன்னா சொன்னாரு?"

எனக்கும் கேட்டது. "நெய் தான்னு கேக்கறாரு அத்தே."

"தமிழ்லயா?"

"காத்தால நான்தான் சொல்லிக் குடுத்தேன்." (அத்தோட வாய மூடியிருக்கலாம்.) "சட்டுனு புடிச்சிக்கினாரு."

கோமதி கதவோரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இனி ஓலாவ் தெலுங்கில் பாடினாலும் அதையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லியிருப்பேன்.

மாமியார் இன்னொரு கரண்டி ஊற்றினார். "நெய், நெய்!" என்றார் ஓலாவ். ஊற்றினார். "நெய் தாக்! நெய்!" ஊற்றினார். நெய்க்குச் சோறு போதவில்லை என்று சோறு வைத்தார், சோற்றுக்கு நெய் போதவில்லை என்று நெய் ஊற்றினார். ஓலாவ் இரண்டு கைகளையும் இலைக்கு மேலே குறுக்கே நீட்டினார். "பாவம், கையையே நீட்டறாரு," என்று உள்ளங்கையிலும் ஊற்றினார் மாமியார். வைத்ததை வீணாக்கத் தெரியாத மனிதர் ஒவ்வொரு முறையும் மூச்சு விட்டுக்கொண்டு, குனிந்து சாப்பிட்டார்.

ஜாடியைக் கவிழ்த்து வழிக்கும் சத்தம் கேட்டுத்தான் கோமதி உள்ளே வந்தாள். "ம்மா, நிறுத்து. நெய் கேக்கறவரு மூஞ்சி இப்டியா இருக்கும்?"

கொல்லையிலிருந்து இங்கிரிட்டைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அந்த அம்மா இலையைப் பார்த்தார், வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார், என்னிடம் மெதுவாக விளக்கினார். பின்னாலேயே மாமனாரும் வந்து நின்றார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார்.

அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "அவுங்க பாஷையில நெய்னா... வேணாம். தாக்னா நன்றி."

மாமியார் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்போ காத்தால நீ கத்துக் குடுத்தது?" என்றார் மாமியார்.

நல்லவேளையாக அப்போது ஓலாவ் எழுந்தார். மெதுவாக வாசலுக்கு நடந்தார். வாசலைத் தாண்டியதும் மெதுவாக நடக்கவில்லை. வரப்போரம் கருவேலம் புதர்ப் பக்கம் அந்த உயரமான உருவம் மடங்கி மறைவதை வேன் டிரைவர் உட்பட எல்லாரும் பார்த்தோம். திரும்பி வந்தார், மறுபடி போனார்.

மாலையில் ஏரியில் படகுப் பயணம் இருந்தது. அது ரத்தாயிற்று. டிரைவர் ஆபீசுக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கடைசியில் போனை என் காதில் வைத்தான். அட்டையைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்துவிடு என்று அங்கிருந்து வந்த குரல் அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது. கொடுத்தேன். கழுத்து வெறிச்சென்று இருந்தது.

கோமதி உள்ளே போனாள். அவள் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். ஓமம் வறுக்கும் வாசனைதான் வந்தது. ஒரு சொம்பு ஓமத் தண்ணீரோடும் துணிமணி வைத்த பையோடும் வெளியே வந்து, வேனில் ஏறி, ஓலாவ் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள்.

"நீ எங்கடி போற?" என்றார் மாமியார்.

"இத்த நம்பி அனுப்புனா, ஊரு போயி சேர்றதுக்குள்ள அந்த மனுசன முடிச்சிடும்," என்றாள். 'இது' என்றது என்னை.

மருந்து கொடுக்கப் போகிறவளுக்குத் துணிப்பை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. ஜன்னலோரம் நின்று, "வேலை போச்சு கோமதி," என்று மட்டும் சொன்னேன்.

"எனுக்கு காது கீது. பேசாம ஏறு."

ஏறினேன். பழவேற்காடு போய்ச் சேரும்வரை பேசவில்லை. அவள் அதற்குப் பிறகு காட்டூருக்கு விருந்தாளியாகத்தான் போகிறாள். ஓலாவ் இரவுக்குள் தேறி, கோமதியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மச்சான் கல்யாணத்தில் பந்திக்கு நெய்யைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார்கள். ஒரு பெரியவர் இலையைக் கையால் மறைத்து, "போதும்மா," என்றார். மாமியார் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு பந்தல் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்: "மாப்ளே, இங்க வா. இவரு இன்னா சொல்றாருன்னு கேளு."

அன்றிலிருந்து காட்டூரில் யார் வீட்டு விசேஷமானாலும், பந்தியில் ஒருவர் தமிழில் போதும் என்று சொன்னால், அதைத் தமிழில் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.