களனி வெள்ளத்தின் உத்தியோகபூர்வ உணர்ச்சி

கொழும்பில் ஒரு படம் சுவரில் தொங்க ஆணி மட்டும் போதாது, உணர்ச்சியும் வேண்டும் என்று கண்காட்சிச் சபையார் அந்த வருஷம் விதி செய்தார்கள். இயற்கைக் காட்சிப் படங்களை மாட்டி வைத்துப் பெருமூச்சு விடும் வழக்கம் கறுவாத்தோட்டத்திலிருந்து வெள்ளவத்தை வரை பரவியிருந்த காலம். எந்தப் படத்துக்கு எந்தப் பெருமூச்சு என்பதில் பிரஜைகள் தடுமாறலாமா? ஆகவே படத்தின் கீழே உணர்ச்சியை எழுதி ஒட்டவேண்டும்.

கிராண்ட்பாஸில் கடைப் போர்டு எழுதுகிற காளியப்பன் ஒரு படம் கொண்டுபோனார். களனி ஆறு பெருகி அவருடைய தெருவுக்குள் வந்து நிற்கிறது. ஒரு கூரைமேல் ஆடு ஒன்று கத்துகிறது. கண்காட்சியைத் திறக்க வரும் கவர்னர் துரை இதைக் கண்டால் ஆற்றின் கரையை உயர்த்தச் சொல்வார் என்று அவர் நம்பினார்.

சபைத் தலைவர் துரைக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "இதற்கு உணர்ச்சி என்ன?" என்று கேட்டார்.

"துக்கந்தாங்க, துரை."

"யாருடைய துக்கம்?"

சட்டசபை ஆசனங்களே சமூகவாரியாகப் பங்கிடப்படும் நாட்டில், முழுத் துக்கத்தையும் ஒரே சமூகத்துக்குக் கொடுப்பது நீதியாகுமா? துரை ஒரு கமிட்டி நியமித்தார்.

வெள்ளவத்தை அட்வகேட் நாகமுத்து தமிழர் சார்பில் வந்தார். தண்ணீரை அவர் கிளாசில் பார்த்திருக்கிறார். "துக்கத்தில பாதி எங்கட ஆக்களுக்கு வேணும். குறைஞ்சால் கையெழுத்து வைக்கமாட்டன்."

"தண்ணிக்குள்ள போனது எங்கட கடை. ஒங்களுக்கு என்னத்துக்குப் பாதி?" என்றார் முஸ்லிம்கள் சார்பில் வந்த றவூப் முதலாளி.

"வெள்ளத்துக்கு மற்றநாள் அரிசி விலையை ஏத்தினனீர். அது துக்கத்திலயோ?"

துரை கையை உயர்த்தினார். "எனக்கு இதைப் பார்த்தால் மனம் அமைதியாக இருக்கிறது. எங்கள் ஊர் ஏரி இப்படித்தான்."

துக்கத்தில் யாருக்கும் பங்கில்லை என்றதும் இருவருக்கும் திருப்தி. உணர்ச்சி அமைதி என்று தீர்மானமாயிற்று. அதில் பாதி ஐரோப்பியருக்கு. கால் பங்கை வாதாடி வென்றார் அட்வகேட். முதலாளிக்கு அரைக்கால். மற்றவர்களுக்கு மீதி.

"ஆனால் அந்த ஆடு அமைதியைக் கெடுக்கிறது," என்றார் துரை.

ஆட்டை எடுத்தால்தான் படம் தொங்கும். காளியப்பன் தூரிகையை எடுத்து, ஆட்டின்மேல் வானத்தைப் பூசினார்.

கவர்னர் துரை வந்தார். அமைதியாகப் பெருமூச்சு விட்டார். கரையை உயர்த்தினால் அந்த அழகு மறைந்துவிடும், உயர்த்தக்கூடாது என்று, யாரும் கேட்பதற்கு முன்பே கவர்னர் கந்தோரிலிருந்து உத்தரவு வந்தது.

அடுத்த மழைக்குக் களனி மறுபடியும் தெருவுக்குள் வந்தது. கால் பங்கு பெற்றுத் தந்த அட்வகேட்டுக்கு வரவேற்பு. அவர் தோணியில் நின்று பேசினார்; சனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கைதட்டினார்கள். வரவேற்புப் போர்டைத் தலைக்குமேல் பிடித்தபடி காளியப்பன் நின்றார்.

"ஏங்க, அடுப்புக்குள்ள தண்ணி வந்திருக்கே, இது யாரு பங்கு?" என்று வீட்டுப் பரணிலிருந்து கேட்டாள் அவர் மனைவி மயிலம்மா.

"சும்மா இரு புள்ள. அரைக்கால்காரங்க பொறாமையில பாக்கிறாங்க."

அந்த நேரம் பார்த்து எதிர்க் கூரையில் ஓர் ஆடு கத்தத் தொடங்கியது. காளியப்பனே அதை அதட்டி அடக்கினார். பேச்சு காதில் விழவில்லையாம்.