தக்காளிக் கமிட்டியின் கோடைப் புரட்சி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, அரிசோனாவின் மெசா நகரில், ஓய்வுபெற்றோர் குடியிருப்பு ஒன்றில், 'வீட்டுத்தோட்ட வளர்ச்சிக் கமிட்டி'யைக் கண்டுபிடித்தது. அதன் தலைவர் வெர்னன் லிண்ட்குவிஸ்ட், மினசோட்டாவில் காலமெல்லாம் பனி அள்ளும் இயந்திரம் விற்றவர். பாலைவனத்தில் பயிர் செய்ய இதைவிடப் பெரிய தகுதி வேறென்ன வேண்டும்?

கமிட்டியின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மாக்சின் டிபெட்ஸ். கள்ளிச்செடியையே சாகடித்தவள் என்று தெருவில் பெயர் எடுத்திருந்தாள். மினசோட்டாவின் டுலூத் நகரிலிருந்து அவளுடைய அக்கா ரூத் போனில் சவால் விட்டிருந்தாள்.

"ஒரே ஒரு காய் காய்க்க வைடி. ஆகஸ்டுல வந்து உன் கையால வாங்கித் தின்னுட்டுப் போறேன். இல்லேன்னா, சாகிற வரைக்கும் உன்னை ஓட்டுவேன்."

மாக்சினுக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தக் கோடையில் அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு காய்தான்.

முதல் கூட்டத்தில் தலைவர் நடவு நாளை அறிவித்தார். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை.

"எங்க ஊர்ல நாலு தலைமுறையா அன்னிக்குத்தான் தக்காளி நடுவோம். அதுக்கப்புறம் பனி கொட்டாது" என்றார்.

"இங்கே எப்பவுமே பனி கொட்டாதே, வெர்னன்?" என்றாள் மாக்சின்.

"அப்ப இன்னும் பத்திரம்னு அர்த்தம்."

கைதட்டினார்கள். 'முழு வெயிலில் வைக்கவும்' என்று நாற்றுத் தொட்டியில் எழுதியிருந்ததால், முழு வெயில் எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு துணைக் கமிட்டி போட்டார்கள். வெளியே நூற்றுப் பத்து டிகிரி. ஏசி அறையில் தீர ஆலோசித்த துணைக் கமிட்டி, வெயில் வெளியே விழுவதாக அறிக்கை கொடுத்தது.

மாக்சின் கடைக்குப் போனபோது தக்காளி நாற்றையெல்லாம் கமிட்டி வாரிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் கிடந்தவை வெண்டை விதையும் ஜினியாப் பூ விதையும். வேறு வழியில்லாமல் வாங்கிவந்து, வாசல் சரளைக் கற்களை ஒதுக்கி ஊன்றினாள்.

ஜூன் பிறந்தது. கமிட்டி உறுப்பினர்கள் நண்பகலில், ஒழுங்காக வரிசையில் நின்று, தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ரப்பர் குழாயில் வந்த தண்ணீரில் டீயே போட்டிருக்கலாம். தக்காளிகள் வெந்தன. தலைவர் அதை 'ஓய்வு நிலை' என்றார்.

மாக்சினுக்கு வெயிலில் நிற்கப் பிடிக்காது. அதனால் விடிந்ததும் தண்ணீர் விட்டாள். தனக்கே தாங்காத வெயில் பச்சைப் பிள்ளைகளுக்கு எப்படித் தாங்கும் என்று, நாலு துடைப்பக் கட்டையை நட்டு, பழைய நீலப் படுக்கை விரிப்பை மேலே கட்டினாள். செடி ஒரு பிடி வளர்ந்ததும் விரிப்பை அவிழ்த்துவிட்டாள். ஜூலைக் கடைசியில் வெண்டை அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. ஜினியா சிவப்பும் மஞ்சளுமாகச் சிரித்தது. ஒரு காலையில் வெண்டைப் பூ ஒன்று உதிர்ந்த இடத்தில் விரல் நுனி அளவுக்குப் பிஞ்சு! மாக்சின் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அக்காவுக்குப் போன் போட்டு, "டிக்கெட் எடு" என்றாள்.

அன்றைக்கே கமிட்டி பரிசோதனைக்குக் கிளம்பியது. கோல்ஃப் வண்டியில் தலைவர், பக்கத்தில் செயலாளர் ஆர்லீன். எல்லா வீட்டு வாசலிலும் தக்காளிக் குச்சிகள் ஒரே உயரத்தில், ஒரே பழுப்பில், ராணுவ அணிவகுப்பு மாதிரி நின்றன. தலைவரின் நெஞ்சு நிமிர்ந்தது. மாக்சின் வீட்டு முன்னால் வண்டி நின்றது.

"மாக்சின், உங்க வாசல் மட்டும் வித்தியாசமா இருக்கே?"

"என் செடி உயிரோட இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். நம்ம குடியிருப்போட விதி என்ன? எல்லா வாசலும் ஒரே மாதிரி இருக்கணும். நீங்க ஒருத்தரே இப்படிப் பச்சையா வெச்சிருந்தா, மத்தவங்க மனசு என்ன பாடுபடும்?"

"போன வாரம் ஹாங்க் பார்த்துட்டு ஒரு வேளை சாப்பாடே வேண்டாம்னுட்டார்" என்றாள் ஆர்லீன். ஹாங்க் அவளுடைய கணவர்.

"வெர்னன், ஒரு வாரம் பொறுங்களேன். பிஞ்சு விட்டிருக்கு. என் அக்கா இதைத் திங்கத்தான் வர்றாங்க."

"விதியில அக்கா யாரும் இல்லையேம்மா" என்றார் தலைவர், மிகுந்த வருத்தத்துடன்.

வாசலுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு நிறுத்துவதா? ஒரு வாய் குளிர்ந்தது உள்ளே போனால் மனசு இளகும் என்று நினைத்து, மாக்சின் ஐஸ் டீ கொண்டுவர உள்ளே போனாள். இரண்டு கோப்பையோடு திரும்பியபோது வண்டியின் பின்னிருக்கையில் வெண்டையும் ஜினியாவும் வேரோடு படுத்திருந்தன. தலைவர் கையுறையைக் கழற்றி, டீயை வாங்கிக் குடித்து, "அருமை" என்றார்.

ஆகஸ்டில் நிறைவுக் கூட்டம். மாக்சினுக்குப் பக்கத்தில், காய் தின்ன வந்த ரூத் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் தங்கையை ஒரு வார்த்தை ஓட்டவில்லை. தலைவர் எழுந்து அறிக்கை வாசித்தார்.

"நண்பர்களே! இந்த மண்ணில், இந்த வெயிலில், எந்தச் செடியும் பிழைக்காது என்பதைக் கமிட்டி ஓயாது உழைத்து நிரூபித்திருக்கிறது. ஒரு வீடுகூட விதிவிலக்கில்லை!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஆண்டுக்கு எல்லா வாசலுக்கும் பிளாஸ்டிக் தக்காளி வாங்குவது என்று தீர்மானம் வந்தது.

"ஆட்சேபம் ஏதாவது?"

மாக்சின் எழுந்தாள்.

"என் செடி பிழைச்சுது."

"இப்ப எங்கே இருக்கு? காட்டுங்க பார்ப்போம். வெயில் விட்டு வெச்சிருக்குமா?" என்று தலைவர் கனிவாகச் சிரித்தார்.

"வெயிலோட ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, வெர்னன். உங்களோடதான் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட தாங்கல."