மாமரத்தை வெட்டிய கருவடாம்

கரமனை,
திருவனந்தபுரம்.

சிரஞ்சீவி ஹரிநாராயணனுக்கு அண்ணா ராமசுப்ரமணியன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் மன்னி லலிதாம்பாள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதால் பாதி சௌக்கியம் என்று வைத்துக்கொள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறாய். அதனால்தான் கடிதம்.

பொன்முடி அடிவாரத்தில் நம் இருவருக்கும் பொதுவாக இருக்கும் மேட்டு நிலத்து மரங்களை வெட்டி, காட்டாமணக்கு நட்டு, கொட்டையிலிருந்து டீசல் எடுத்தால் உலகத்துப் புகையே குறையும் என்று நீ சொன்னபோது பூரித்துப் போனேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன். மழை வரும்வரை இருக்கட்டும் என்று நீ லாரியில் அனுப்பிய நாற்றுப் பைகளை மொட்டை மாடி நிறைய அடுக்கியும் வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இது மாடி வெயிலில் கருவடாம் பிழிந்து காயவைக்கும் காலம் என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாடியில் கால் வைக்க இடமில்லாமல் லலிதாம்பாள் கூழைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ராஜஸ்ரீயின் மாடிக்குப் போனாள், ராஜஸ்ரீ பெரிய மனது பண்ணித் துணிக்கொடியை அவிழ்த்துக் கொல்லையில் கட்டினாள், கொல்லையில் மாமரத்து நிழல், துணி காயவில்லை, அவள் புருஷன் ஈரச் சட்டையோடு ஆபீஸ் போய்த் தும்மித் தும்மி ஓய்ந்து, கடைசியில் ஆளைக் கூப்பிட்டு மாமரத்தையே வெட்டிப்போட்டார், சருகை எரித்த புகை நம் மாடி ஏறி வந்து என் கண்ணைக் கரித்தது. வருஷா வருஷம் நமக்கு மாவடு கொடுத்த மரம், ஹரி! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன டீசலாக்கும் இது? ஒரு சொட்டு எண்ணெய் வரலை, அதுக்குள்ள காய்ச்சுண்டிருந்த மரம் போயாச்சு. கேட்டேளா, இனிமே என்கிட்ட பேசண்டாம்!" என்றாள் உன் மன்னி.

காற்றில் சேரும் கரியை, அதுதான் கார்பனை, அளப்பதே வேலையாக இருக்கும் என் மகள் ஜானவி சிரிக்கிறாள். "அப்பா, சித்தப்பா கணக்குல வண்டிப் புகை மாத்ரம்தான் இருக்கு. மரத்தை வெட்டி, அதுலயும் மண்ணுலயும் இருக்கற கரி வெளியில வந்தா, இந்த எண்ணெய் அதை ஈடு பண்ண எத்தனையோ வருஷமாகும். வெறும் தரிசுல நட்டா சரி. வேற பயிர் நிக்கற எடத்துல நட்டா, அந்தப் பயிர் வேற எடம் தேடிண்டு போய் இன்னொரு மரத்தை வெட்டும். நம்ம கருவடாம் போகலையா?"

அதைக் கேட்டதிலிருந்து உட்கார முடியவில்லை. மாடிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன், காப்பி ஆறிப்போகிறது, இன்னும் நடக்கிறேன். ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: கையெழுத்துப் போட மாட்டேன். மேட்டில் இருக்கும் அயினி மரமும் பலாவும் அப்படியே நிற்கட்டும். மரம் வெட்ட ஆள் பேசியிருந்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடு. நாற்றுகளுக்கும் நல்ல வழி பண்ணியாயிற்று. மாடி காலி, கருவடாம் வீடு திரும்பிவிட்டது. இன்று உன் மன்னி காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

பத்மப்ரியாவும் குழந்தை கேசவும் நீயும், என் மேல் கோபம் ஆறி, தீர்க்காயுசாக இருக்கவேண்டும் என்று பத்மநாபனை வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணா,
ராமசுப்ரமணியன்

பின்குறிப்பு: நாற்றுகளை எறிய மனமில்லாமல், நம் நிலத்தின் கீழ்ப்பக்கம் மரச்சீனிக் கிழங்கு போடும் பேச்சிக்கு அனுப்பிவைத்தேன். மாடியில் காவல் உட்கார்ந்து உறையை ஒட்டப்போகும்போது அவளே போன் பண்ணினாள். "சாரே, கெழங்கப் பறிச்சிட்டு நாத்த அங்கெயே நட்டாச்சு. இனி கெழங்கு போட, மேல அயினி நிக்கிற எடத்தக் கொஞ்சம் வெட்டிக்கிடட்டா?" நான் கருவடாத்திலிருந்து காக்கையை விரட்டிக்கொண்டிருந்தேன். "உன் சௌகரியம்போலச் செய்" என்று சொல்லிவிட்டேன். காக்கை பறந்த பிறகுதான் அவள் கேட்டது என்ன என்று உறைத்தது. இப்போது கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பொன்முடி பஸ் கிளம்புவதற்குள் ஓடுகிறேன். மன்னிக்குத் தெரியவேண்டாம்.