ஏழு இசக்கிமுத்துகளும் ஒரு எக்ஸ்டென்ஷனும்

குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனுக்கு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, மற்றவர்களுடைய பாஸ்வேர்டுகள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். சீவலப்பேரியில் எங்கள் தெருக்காரர்களுக்கு கேஸ் பதிவு, ரேஷன் கார்டு, வருமானச் சான்று எதுவானாலும் "இசக்கிமுத்துகிட்ட குடு" என்பதுதான் வழக்கம். வரன் தேடும் இணையதளத்தில் பதிந்து கொடுப்பதும் நான்தான். யாருக்கும் ஈமெயில் கிடையாது. நானே ஆளுக்கு ஒன்று உருவாக்கினேன்: இசக்கிமுத்து1, இசக்கிமுத்து2 என்று ஏழு வரைக்கும். (கற்பனை என்று கொஞ்சம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) அதில் நாலாவது மட்டும் நான்.

இத்தனையையும் நினைவில் வைக்க முடியாமல் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் பிடித்தேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்டால் பூட்டுகிற சங்கதி. அது இரண்டு வடிவில் கிடைக்கும். டெஸ்க்டாப் ஆப் என்றால் தனியாகத் திறந்து, பெரிய பாஸ்வேர்டை அடித்து, வேண்டியதைத் தேடிக் காப்பி செய்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்குள்ளேயே குந்தியிருக்கும். லாகின் கட்டத்தைத் தொட்டால் போதும், அந்தத் தளத்துக்கான பெயர்களை எல்லாம் தானே கொண்டுவந்து நீட்டும். எது நல்லது என்று ஒரு வாரம் கட்டுரை கட்டுரையாகப் படித்தேன். கல்லூரியில் அப்படிப் படித்திருந்தால் அரியர் விழுந்திருக்காது.

ஆபீஸில் பக்கத்து சீட் ரபீக் ஒரே மூச்சில் முடித்தான். "டெஸ்க்டாப் ஆப்பைப் போடுலே. எக்ஸ்டென்ஷன் வாயாடி. பக்கத்துல எவன் இருக்கான்னு பாக்காம எல்லாத்தையும் சொல்லிரும்."

"நீரு அந்தக் காலத்து ஆளு வே" என்றேன். எக்ஸ்டென்ஷனைப் போட்டு, அது எப்போதும் திறந்தே கிடக்கும்படியும் வைத்தேன். பெரிய பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்க எனக்குச் சோம்பல்.

அந்த மாதமே கல்லிடைக்குறிச்சியில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் மாலதி, பள்ளிக்கூட டீச்சர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே நான் மனதளவில் அந்த வீட்டு மருமகனாகிவிட்டிருந்தேன்.

"லேப்டாப்பையும் தூக்கிக்கோ" என்றார் அப்பா. "வயக்காட்டுல கெடந்தவன் மகன்தானேன்னு நெனச்சிரக் கூடாது."

வேன் ஓட்டி வந்தது பெரியப்பா மகன் கணேசண்ணன். தெருவின் மூன்றாவது இசக்கிமுத்து. அவன் மனைவி பிரிந்து போனதை நாங்கள் யாரும் வெளியில் பேசுவதில்லை. வரன் தளத்தில் அவன் விவரக் குறிப்பில் மட்டும் நான் நேர்மையாக எழுதி வைத்திருந்தேன்.

மாலதியின் அப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா ஜாதகம் கேட்டதும், "அந்த வெப்சைட்லயே கெடக்கு அண்ணாச்சி. தம்பி, எங்க ஐடியைச் சொல்லுதேன், எடுத்துக்கிடுங்க" என்றார். அப்பா என் விலாவில் இடித்தார். சபை நடுவே ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கட்டத்தைத் தொட்டேன். ஏழு இசக்கிமுத்துகளும் வரிசையாக இறங்கி வந்தார்கள்.

மாலதியின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, இதுல எது நீங்க?"

"நாலாவது சார்."

"மத்த ஆறு?"

"எங்க தெரு ஆளுங்க சார். ஈமெயில் இல்லாதவங்க. நான்தான் பண்ணிக் குடுத்தேன்."

பெண்ணின் மாமா எட்டிப் பார்த்து, "இன்னும் நாலு பேரைச் சேத்தா கிரிக்கெட்டே ஆடலாம் போலுக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான் உண்மை விளம்பி. மற்ற ஆறும் நானில்லை என்று நிரூபித்தே தீர வேண்டும் என்று ஒரு பெயரை அழுத்தினேன். எக்ஸ்டென்ஷன் விசுவாசமாக உள்ளே நுழைந்து பக்கத்தை விரித்தது. 'கணேசன். ஓட்டுநர். மனைவியைப் பிரிந்தவர்.' போட்டோவில் எங்கள் குடும்பத்து மூக்கு. கீழே என் போன் நம்பர்.

"இது நீங்க மாதிரில்லா இருக்கு?"

"இல்ல சார், அந்தா இருக்காருல்லா, அவருதான்" என்று வெற்றியோடு வாசல் பக்கம் கையை நீட்டினேன்.

வீடே திரும்பிப் பார்த்தது. கணேசண்ணன் முறுக்கைப் பாதி கடித்திருந்தான். தட்டைப் பையக் கீழே வைத்தான். "வண்டியைத் திருப்பி நிறுத்துதேன்" என்று யாரையும் பார்க்காமல் வெளியே போனான். உள்வாசலில் நின்ற மாலதி அவன் போவதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்த தரகர் போன் செய்தார்.

"பொண்ணோட அப்பா உம்ம பேச்சை நம்புதாரு தம்பி. பையன் யோக்கியன்தான்னு சொல்லுதாரு. ஆனா, நம்பிக் குடுத்த அண்ணன் சமாச்சாரத்தையே மொத தடவ பாக்குதவங்க முன்னால தொறந்து காட்டிட்டானே, நாளைக்கு எம்மவ சமாச்சாரம் என்ன ஆகும்னு கேக்காரு."

சந்தேகப்பட்டு மறுத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். நம்பி மறுத்தவரிடம் எந்த முகத்தோடு போவது? அப்பா என்னைத் திட்டவில்லை. லேப்டாப் பையை என் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தார், அவ்வளவுதான்.

கணேசண்ணன் மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. பேசியபோது கையில் கல்யாணப் பத்திரிகை இருந்தது. மாலதியின் அத்தை மகள், கணவனை இழந்தவர், அன்றைக்கு அடுக்களையிலிருந்து அவனைப் பார்த்திருக்கிறார். அதே தரகர் மூலம் அவர்கள் பக்கமிருந்தே கேட்டு வந்துவிட்டார்கள். பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன். மாலதிக்கும் அவள் கணவனுக்கும் நானே ஊற்றினேன். போதும் என்று கையைக் காட்டினாள்.

மற்ற இசக்கிமுத்துகளுக்கும் ஒவ்வொன்றாகக் கல்யாணம் முடிந்து, கணக்கை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். நான் இப்போது டெஸ்க்டாப் ஆப்புக்கு மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பெரிய பாஸ்வேர்டை முழுதாக அடித்து, என் கணக்கு ஒன்றை மட்டும் திறந்து, வரன் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கவனமாக மூடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் கணேசண்ணன் மனைவி, அதாவது என் மதினி, என்னைக் காட்டிச் சொல்லும் ஒரு வாசகம் இருக்கிறது. அதற்கு முதலில் சிரிப்பது அப்பாதான்.

"எங்க கொழுந்தனாரைப் பாருங்க, யாருமே வராத வீட்டுக்கு எம்புட்டுப் பெரிய பூட்டுப் போட்டிருக்காரு."