எல்லைக் கல்லைத் தாண்டாத சைக்கிள்

அம்பத்தூர்,
வெகுதானிய வருஷம், ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ சம்பத்து மாமா அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் நாகேந்திரன் தண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. அரக்கோணத்தில் தாங்களும் அன்னம்மாள் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாயிருக்க வேண்டுகிறேன். இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று எழுதுவது முறை. எழுதக் கை வரவில்லை. நைனாவின் வெள்ளை மீசை பழுப்பாகிவிட்டது. அதற்குக் காரணம் நான்.

திங்கட்கிழமை அயனம்பாக்கத்தில் நடந்த பரிசத்துக்கு லீவு கிடைக்காமல் நீங்கள் வர முடியாமற்போனது உங்கள் அதிர்ஷ்டம். வடிவை எனக்குப் பேசி முடித்தவர் நீங்கள். 'பையன் சானிட்டரி இன்ஸ்பெக்டர், ரூல் தெரிந்தவன்' என்று பெண்ணின் தகப்பனார் திருவேங்கட நாயக்கருக்கு வாக்குக் கொடுத்தவரும் நீங்கள். ஆகையால் வேறு வாய் வழியாக உங்கள் காதில் விழுமுன் நானே சொல்லிவிடுகிறேன். தட்டு மாற்றவில்லை. பரிசத் தட்டு அவர்கள் கூடத்திலேயே துணி மூடிக் கிடக்கிறது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

என் உத்தியோகத்தின் லட்சணத்தை முதலில் சொல்ல வேண்டும். அம்பத்தூர், மேனாம்பேடு, அயனம்பாக்கம் ஆகிய மூன்று பஞ்சாயத்து போர்டுகளும் தனித்தனியே இன்ஸ்பெக்டர் வைக்க வசதி இல்லாமல், மூவருமாகச் சேர்ந்து ஒருவனை வைத்திருக்கிறார்கள். கூட்டுக் குடித்தனத்து மாடு போல எல்லோரும் கறப்பார்கள், தீனி என்றால் அடுத்தவனைக் காட்டுவார்கள். சைக்கிள் அம்பத்தூருடையது, அதற்குக் காற்றும் பஞ்சரும் மேனாம்பேட்டின் செலவு, அயனம்பாக்கமோ இந்த இரண்டுக்கும் தம்பிடி தராது, கிணற்றில் போடும் ஊதா நிறக் காலரா மருந்து மட்டும் வாங்கித் தரும். ஆகையால் சைக்கிள் அயனம்பாக்கம் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாதென்று தீர்மானமே போட்டிருக்கிறார்கள், நானும் கல்லில் சைக்கிளைச் சாத்திவிட்டு வெயிலில் நடந்து போவேன், பியூன் வேம்புலி சைக்கிளுக்குக் காவலென்று நிழலில் உட்கார்ந்துவிடுவான், கேட்டால், "நம்ம சம்பளம் மேனாம்பேட்டு சம்பளம் சார், அந்தாண்ட செல்லாது" என்பான். இதையெல்லாம் படிக்காத ஜனங்களின் மூடத்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் காலரா பயம் வந்தபோது அம்பத்தூர் போர்டில் ஒரு பைலா போடச் செய்தேன். ஐம்பது பேருக்கு மேல் இலை போடும் வீட்டார் முன்கூட்டியே தகவல் தர வேண்டும், இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றுக்கு மருந்து போடுவார். நல்ல சட்டம், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அரிசிக்கடைப் பரந்தாமன் வீட்டுக் கல்யாணத்தில் அவன் கதறக் கதறப் போட்டேன். பரிசத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி மிதிக்கக் கூடாதல்லவா, நம்மவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போன பிறகு நான் கடைத்தெருவில் சும்மா நின்றேன். அந்தப் பரந்தாமன் கடையிலிருந்தபடியே கேட்டான்: "இன்னா இன்ஸ்பெட்டரே, மாமனார் ஊட்ல இன்னிக்கு நூறு எலையாமே. அந்தக் கெணத்துல மட்டும் காலரா எறங்காதா?"

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை மாமா. சைக்கிளை மிதித்தேன், கல்லருகே போட்டேன், அயனம்பாக்கம் ஆபீசில் மருந்துத் தகரத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசற்படியைத்தானே மிதிக்கக் கூடாது, சட்டம் கொல்லைப்புறமாய்ப் போகலாம் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கொல்லைப்புறமாய்ப் போனேன். கிணற்றடியில் ஒரு பெண் முதுகைக் காட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தாள். குடத்தைக் கீழே வை, சர்க்கார் உத்தரவு என்று அதட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனாள். திருமுல்லைவாயில் கோயில் கூட்டத்தில் ஒரே ஒரு தரம் பார்த்த முகம், ஆனாலும் தெரிந்துவிட்டது. வடிவு. தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். வெட்கத்தில் அவசரம் இன்னும் அதிகமாகி, அளவு பார்க்காமல் தகரத்தை அப்படியே கவிழ்த்துவிட்டேன். இரவில் கரைத்துப் போட்டு விடியும்வரை விட வேண்டும், அதற்குள் நிறம் போய்விடும் என்று படித்துத் தேறியவன் நான். போட்டதோ பந்தி போடும் நேரம்.

கிணறு பன்னீர் ரோஜா நிறமாயிற்று. வடிவு சொல்லி அவர்கள் தடுப்பதற்குள் பரிசாரகன் அண்டா அண்டாவாய் மொண்டுகொண்டு போய்விட்டான், முதல் பந்தியில் உட்கார்ந்த நம்மவர்கள், டம்ளரில் நிறத்தைப் பார்த்து, தண்ணீரிலேயே பன்னீர் கலந்திருக்கிறார்கள், பெரிய இடம் பெரிய இடந்தான் என்று மெச்சிக்கொண்டு குடித்திருக்கிறார்கள், நைனா இரண்டாந்தரம் வாங்கிக் குடித்தார், அம்மா கை கழுவினாள், மோர் பழுப்பாயிற்று, சோறு காவியாயிற்று, வேட்டியெல்லாம் கறை. நாயக்கரின் எதிர்வீட்டுப் பங்காளிதான் முதலில் துப்பினார். துப்பிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருவேங்கட நாயக்கருக்கு அந்தச் சிரிப்புத்தான் நெஞ்சில் தைத்தது என்று நினைக்கிறேன்.

காலித் தகரத்தோடு என்னைக் கூடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாயக்கர் கோபிக்கவில்லை, அதுதான் கஷ்டம். "எந்தச் சட்டம் தம்பி?" என்றார். நான் பைலாவை வரி பிசகாமல் ஒப்பித்தேன். அயனம்பாக்கம் போர்டு மெம்பரான அவர் கேட்டுவிட்டு, "அது அம்பத்தூர் பைலா. எங்க போர்டுலயும் வந்துச்சு. நாந்தான் வேணாம்னேன். இங்க அது இன்னும் ஏறல" என்றார்.

மூன்று போர்டுக்கும் நான் ஒருவனென்றால் சட்டமும் ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வடிவு தன் தகப்பனாரிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "சைக்கிள கல்லாண்டயே நிறுத்திட்டு வந்தாருல்ல நைனா, அந்தச் சட்டத்தையும் அங்கியே சாத்தி வச்சிட்டு வந்திருக்கலாமே."

நம் வீட்டு மனிதர்களே சிரித்துவிட்டார்கள் மாமா.

அதுகூடப் பெரிதில்லை. பழுப்புச் சோற்றைக் கொட்டிவிட்டு வேறு உலை வைக்க, பரிசப் பெண்ணான வடிவு அலங்காரத்தைக் களைந்து வைத்துவிட்டு, ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து அந்த வெயிலில் குடம் குடமாய்ச் சுமந்தாள். யாருக்காக? நம் வீட்டார் பசியோடு திரும்பக் கூடாதென்று. நான் வேலியோரம் நின்று பார்த்தேன். ஒரு குடத்தைக்கூட வாங்கவில்லை. வாங்கலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் அவள் தாண்டிப் போய்விடுவாள்.

ஆகையால் மாமா, ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் அவசியம் புறப்பட்டு வாருங்கள். நாயக்கரிடம் எனக்காகப் பேசுங்கள். எனக்கு வேறு பெண் வேண்டாம். சபையில் விழுந்து கும்பிடச் சொன்னால் கும்பிடுகிறேன். இந்த ஜன்மத்தில் இனி அந்தத் தகரத்தைத் தொடுவதில்லை. ராஜிநாமாவும் எழுதி வைத்துவிட்டேன், மூன்று போர்டுக்கும் மூன்று பிரதி.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், என் ஆசீர்வாதம் பலிக்குமென்று தோன்றினால். பெரியபாளையத்தம்மன் உங்களைக் காப்பாளாக, நேரமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
நாகேந்திரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் சமயத்தில் வேம்புலி ஓடிவந்தான். அயனம்பாக்கம் போர்டு இன்று பகல் அவசரமாய்க் கூடி என் பைலாவை ஏகமனதாக ஏற்றுக்கொண்டுவிட்டதாம். பிரேரேபித்தவர் திருவேங்கட நாயக்கர். காரணம், துப்பிவிட்டுச் சிரித்த பங்காளி வீட்டில் வருகிற புதன்கிழமை கல்யாணம். சைக்கிள் செலவிலும் பங்கு தருகிறார்களாம், ஆகையால் அது இனிக் கல்லைத் தாண்டலாம், மருந்துக்குப் புதுத் தகரமும் வந்தாயிற்று. நாளையே வந்து தட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்று நைனாவுக்கு ஆள் வந்திருக்கிறது. 'இந்தத் தபா ராத்திரில போடச் சொல்லு' என்று வடிவு வேம்புலியிடம் சொல்லியனுப்பினாளாம். ராஜிநாமாவைக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டியதில்லை. ஆவணியில் முகூர்த்தத்துக்கு வந்தால் போதும். வரும்போது அரக்கோணத்துத் தண்ணீர் ஒரு கூஜா கையோடு கொண்டு வாருங்கள்.