ஹவுஸ் ஓனரின் செருப்பு

வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்களிலேயே, போய் இறங்கிய மாதமே சொந்த வீட்டில் குடியேறியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். நாங்களெல்லாம் கேம்ப்பில் இரண்டடுக்குக் கட்டிலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தபோது, அவர் மட்டும் தனி வீடு, தனி ஏசி, வாசலுக்குத் திரை என்று மகராசனாக வாழ்ந்தார். அந்த வீட்டுக்கு இருபத்திரண்டு சக்கரம் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பாஸ்போர்ட்டில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். ஜெபல் அலித் துறைமுகத்துப் பக்கம், டிரெய்லர் லாரிகள் நிற்கும் எங்கள் கம்பெனி யார்டில் அதைத் தெரிந்தவர் யாருமில்லை. டிரெய்லர் ஓட்டிய அவரை எல்லோரும் ‘ஹவுஸ் ஓனர்’ என்றுதான் சொல்வோம். பெஷாவர்க்காரரான கான் பாய்கூட “ஓனர் சாப்” என்பார். திருச்செந்தூர்ப் பக்கத்து மனிதர், என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்கு மட்டும் அண்ணாச்சி. நானும் அதே யார்டில் டிரெய்லர் ஓட்டியவன்தான்.

அவர் கேபினை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற பலகை. அதற்கு முன்னால், மனைவியின் பழைய சுங்குடிச் சேலையில் தைத்த திரை. டேஷ்போர்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் முருகன் படம், பேட்டரியில் எரியும் குட்டி விளக்கு, விபூதி டப்பா. கால் வைக்கிற இடத்தில் கோரைப்பாய்த் துண்டு. டிரெய்லரின் பக்கவாட்டில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் சமையலறை! அடுப்பு, குக்கர், அஞ்சறைப் பெட்டி எல்லாம் உண்டு. துறைமுக கேட்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது அவர் குழம்பு தாளித்தால், முன்னாலும் பின்னாலும் நிற்கிற டிரைவர்கள் தட்டோடு இறங்கி வந்துவிடுவார்கள். அதில் பாதிப் பேருக்குப் புளிக்குழம்பு என்றால் என்னவென்றே தெரியாது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பார்கள்.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. செருப்போடு ஏறக்கூடாது.

ஒருநாள் ராஸ் அல் கைமாவில் ஜல்லி ஏற்றப் போயிருந்தோம். எடை மேடைக்கு வழி காட்டுவதற்காகக் குவாரி போர்மேன் அவர் கேபினில் ஏறப் பார்த்தார். ஆறடி ஆள். இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ், முழங்கால் வரை தூசி.

“பாய், ஜூத்தா கீழ. உள்ள பகவான் இருக்காரு,” என்று வழி மறித்தார் ஹவுஸ் ஓனர்.

போர்மேன் முறைத்தார். இவர் கும்பிட்டார். போர்மேன் கத்தினார். இவர் மறுபடி கும்பிட்டார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. கடைசியில் அந்த மனுஷன் பூட்ஸைக் கழற்றிப் படிக்குக் கீழே வைத்துவிட்டு, ஓட்டை விழுந்த சாக்ஸோடு ஏறினார். எடை மேடையில் இறங்கப் போனபோதுதான், பூட்ஸ் கிளம்பின இடத்திலேயே இருப்பது இருவருக்கும் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் குவாரியில் எங்கள் கம்பெனி வண்டி என்றாலே கடைசியில்தான் ஏற்றுவார்கள்.

இப்படி வாழ்ந்த மனிதரின் தலையில்தான் அந்தச் சட்டம் வந்து விழுந்தது. டிரைவர்கள் வார ஓய்வைக் கேபினில் எடுக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேம்ப் ரூமில்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் தடவை பிடிபட்டால் வண்டியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். எங்களுக்கு வண்டி போனால் வண்டிதான் போகும். அவருக்குக் குடியிருந்த வீடே போய்விடும்.

இதை எங்களிடம் சொல்ல வந்தவர் புது சேஃப்டி ஆபீசர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நெற்றியில் சந்தனம், காலில் பளபளப்பான பூட்ஸ், பேச்சில் அத்தனை மரியாதை.

“அண்ணை, கேபினுக்கை படுக்கிறது ஓய்வில்லை. வேலை செய்யிற இடம் வேலை செய்யிற இடந்தான். உந்த வெயிலுக்கை ஏசி நிண்டுபோச்செண்டா என்ன செய்வியள்?”

“தம்பி, நீங்க ஆபீஸ்ல மத்தியானம் மேசையில தலை வச்சிருந்திய. போன வாரம் நான் பாத்தேன்லா. அது என்ன, ஓய்வா, வேலையா?”

யார்டே சிரித்தது. தம்பியும் சிரித்துவிட்டார். ஆனால் சட்டம் சிரிக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் ரூமுக்கு வந்தார். என் கட்டிலின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. மெஸ்ஸில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்தோம். யாரோ பாத்ரூம் கதவைப் படாரென்று சாத்தினார்கள்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துறைமுக வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது டிரைவர்கள் கண்ணயர்ந்துவிடுவார்கள். முன் வண்டி நகர்ந்ததும், பின்னால் இருப்பவர் வந்து கேபின் கதவில் படாரென்று ஒரு தட்டுத் தட்டுவார். “யல்லா, யல்லா!” அரைத் தூக்கத்திலேயே எழுந்து வண்டியைக் கொஞ்சம் முன்னே எடுத்துவிட்டு மறுபடி தூங்குவோம். அண்ணாச்சிக்கு அது ரத்தத்திலேயே ஊறிவிட்டிருந்தது.

கதவுச் சத்தம் கேட்டதும், “எடுக்கேன், எடுக்கேன் பாய்,” என்றபடி எழுந்தார். கண் திறக்கவே இல்லை. கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்து ஒரு முழம் முன்னே இழுத்துவிட்டுப் படுத்துவிட்டார். அடுத்த கதவு, இன்னொரு முழம். எங்கள் ரூமோ ஊர்ப்பட்ட பேர் பாத்ரூம் போய் வருகிற ரூம். மேல்தட்டில் படுத்திருந்த நான்தான் அன்றைக்கு லோடு. கண் விழித்துப் பார்த்தால், சுவரோரம் படுத்த நான் வாசலில் கிடக்கிறேன். வெளியே போக வழியில்லாமல் உள்ளே ஒரு கூட்டம் நிற்கிறது. வெளியிலிருந்து கான் பாய் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி! எங்கிட்டுப் போறீங்க?” என்று கத்தினேன்.

“கேட் வந்துட்டாவே?” என்றார், கண்ணை மூடியபடி.

எங்களுக்குச் சிரிப்பு. அவருக்கோ பொட்டுத் தூக்கம் இல்லை. திங்கட்கிழமை சிவந்த கண்ணோடு அவர் வண்டி எடுத்தபோது நான் முருகனை வேண்டிக்கொண்டேன். அடுத்த வாரம் அவர் நைசாகத் தன் கேபினுக்கே போய்த் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டார். அரைமணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

“அண்ணை, வெளியிலை வாங்கோ.”

“நான் உள்ள இருக்கது எப்படித் தம்பி தெரியும்?”

தம்பி கீழே கையைக் காட்டினார். படிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, இறங்கினதும் மாட்டிக்கொள்ள வசதியாக வெளிப்பக்கம் பார்த்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

ஒளிந்திருக்கிறவர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒளிவாரா? எங்கள் ஹவுஸ் ஓனர் ஒளிவார். அடுத்த தடவை புத்திசாலித்தனமாக என் வண்டியில் போய் ஒளிந்தார். என் டேஷ்போர்டிலும் முருகன் உண்டே, அங்கேயும் படிக்குக் கீழே செருப்பு! இரண்டாவது எச்சரிக்கையும் வந்துவிட்டது.

“செருப்பை உள்ள எடுத்து வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி?” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“சாமி இருக்க இடத்துலயாவே? வண்டி போனாப் போவுது.” சொல்லிவிட்டாரே தவிர, முகம் வாடிப்போயிருந்தது. அன்று மாலை கேபினில் அவர் முருகன் படத்தைத் துடைத்த விதத்தைப் பார்த்தால், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

கான் பாய்க்கு மனசு பொறுக்கவில்லை. “ஓனர் சாப் செருப்பைக் கழற்றாமல் இருக்க மாட்டார். சரி. நாம் எல்லோரும் கழற்றுவோம்,” என்றார் இந்தியில்.

திட்டம் அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அண்ணாச்சி கான் பாயின் வண்டியில் போய், எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தார். அதில் முருகன் இல்லை. ஆனால் கான் பாயின் தொழுகைப் பாய் மடித்து வைத்திருந்ததால், அங்கேயும் செருப்பு கீழேதான். நாங்கள் அத்தனை பேரும் எங்கள் செருப்புகளைக் கொண்டுபோய் யார்டில் நின்ற ஒவ்வொரு டிரெய்லரின் படிக்குக் கீழேயும் ஜோடி ஜோடியாக வைத்தோம். ஆடி மாத வெயில். அங்கே தரை என்பது தோசைக்கல். வைத்துவிட்டு வெறுங்காலோடு குதித்துக் குதித்து மெஸ் நிழலுக்கு ஓடி வந்ததைப் பார்த்த சமையல்காரர், எல்லோருக்கும் சாமி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

தம்பி வந்தார். அண்ணாச்சியின் சொந்த வண்டியைத் திறந்து பார்த்தார். காலி. அப்புறம்தான் வரிசையைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டின தூரம் வரை செருப்பு. கோயில் வாசல் மாதிரி இருந்தது. திரும்பி எங்கள் கால்களைப் பார்த்தார்.

“எல்லாருஞ் சேந்து என்னைப் பேயனாக்கிறியள், என்ன?” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். கான் பாய் என் தோளில் தட்டினார். வென்றுவிட்டோம்.

அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஏசி ஓடுகிற வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கான் பாயின் வண்டிக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். எஞ்சின் சத்தமும் இல்லை.

“முருகா! வண்டி நின்னுபோச்சு! அண்ணாச்சி உள்ள இருக்காரு!”

எல்லோரும் பாய்ந்தோம். நாலு எட்டு வைப்பதற்குள் பாதம் வெந்தது. கான் பாய் ஒற்றைக் காலில் நின்று “யா அல்லா” என்றார். எங்கள் செருப்பெல்லாம் யார்டில் இருக்கிறது, நாங்கள் இங்கே நிற்கிறோம். அன்றைக்கு அந்தத் தரையில் ஓடத் தெம்பாகக் காலில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருவர்தான்.

“எந்த வண்டி?” என்றார், சத்தம் கேட்டுத் திரும்பி வந்த தம்பி.

“கடைசி! கடைசி வண்டி!”

அவர் ஓடின ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாங்கள் வெந்த காலோடு போய்ச் சேர்ந்தபோது, தம்பி அண்ணாச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார். சட்டை பிழிகிற ஈரம். கண் சொருகியிருந்தது. நிழலில் கிடத்தித் தண்ணீரை ஊற்றினோம். நான் கந்தர் சஷ்டிக்கு விரதம் நேர்ந்துகொண்டேன். கான் பாய் அவர் வழியில் ஏதோ ஓதினார். தம்பி ஈரத் துண்டால் அண்ணாச்சியின் கழுத்தையும் நெஞ்சையும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி கண் திறந்தார். எங்களைப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். அப்படியே பார்வை இறங்கி, தம்பியின் கால்களில் வந்து நின்றது.

“தம்பி... பூட்ஸோடவா ஏறுனிய?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை,” என்றார் அந்தப் பிள்ளை. சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார். நாங்கள் சிரித்தோமா அழுதோமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். இனி ஓய்வு ரூமில்தான் என்று அண்ணாச்சியிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார் தம்பி. மேலிடத்தில் என்ன சொன்னாரோ, எப்படிச் சமாளித்தாரோ, வண்டி அண்ணாச்சியிடமே இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் தம்பி எங்கள் ரூமுக்கு வந்தார். வாசலில் அண்ணாச்சியின் செருப்புக்குப் பக்கத்தில் தன் பூட்ஸைக் கழற்றி, அதே மாதிரி வெளிப்பக்கம் பார்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“படுத்துக்கிடுதேன் தம்பி. தூக்கம் வரணும்லா?” என்றார் அண்ணாச்சி. சொல்லி வாய் மூடவில்லை, பாத்ரூம் கதவு படாரென்றது. “எடுக்கேன் பாய்,” என்று எழப் பார்த்தார்.

நான் மேல்தட்டிலிருந்து தலையை நீட்டிச் சொன்னேன்: “அண்ணாச்சி, லோடு இறக்கியாச்சு. வண்டிய எடுக்க வேணாம். தூங்குங்க.”

“இறக்கியாச்சா?” என்று ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு குறட்டை. கட்டில் நகரவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும், யார் கதவைச் சாத்தினாலும், ரூமில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவோம். கான் பாய்கூட “லோட் இறக்கியாச்” என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டார்.

நான் ஊரோடு வந்துவிட்டேன். அண்ணாச்சி இன்னும் அங்கேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊர் பைபாஸில் லாரிகள் நிற்கும். படிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பைப் பார்த்துவிட்டால், கதவைத் தட்டிப் பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. உள்ளே இருக்கிறவர் திரையை விலக்கி, “யாருய்யா அது, தூங்குற மனுசன எழுப்புறது?” என்று சீறுவார்.

“ஒண்ணுமில்லண்ணே. லோடு இறக்கியாச்சு, தூங்குங்க,” என்று சொல்லிவிட்டு நடப்பேன்.